‘தி வைல்ட் ஏஞ்சல்ஸ்’: அந்தப் பிரபலமான வசனத்துக்கு அப்புறம் என்ன நடக்கிறது?

கேள்வி இதுதான்: மோட்டார் சைக்கிள் கும்பல் ஒன்றின் கதையாக 1966-ல் வந்த ‘தி வைல்ட் ஏஞ்சல்ஸ்’ படத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ‘சுதந்திரத்தின் குரல்’, ‘ஈஸி ரைடருக்கு முன்னோடி’ என்று எழுதுகிறார்கள். உட்கார்ந்து பார்த்தால் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லாத மலிவுப் படமாகத் தெரிகிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது?

மலிவுப் படம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். மொத்தச் செலவு சுமார் 3,60,000 டாலர். 1969-ல் வந்த பைக் படமான ‘ஈஸி ரைடருக்கு’ முன்னோடி என்பதும் உண்மை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் ‘சுதந்திரத்தின் குரல்’ என்று எழுதுகிறவர்களை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர்கள் எல்லோருக்கும் சர்ச் காட்சியில் நாயகன் ‘எங்களுக்குச் சுதந்திரம் வேண்டும்’ என்று பேசும் வசனம் ஞாபகம் இருக்கிறது. அதற்கடுத்த கால் மணி நேரம் ஞாபகம் இல்லை. படத்தின் சரக்கே அந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது.

முதலில் படம் எப்படி உருவானது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தப் படத்தின் பலமும் பலவீனமும் அது எடுக்கப்பட்ட விதத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1966 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரின் சவ ஊர்வலம் நடந்தது. பின்னால் வரிசை வரிசையாக பைக்குகள். அந்தப் புகைப்படம் ‘லைஃப்’ பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்தவர்களில் ஒருவர் ரோஜர் கோர்மன். அப்போது அவருக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். குறைந்த காசில், குறைந்த நாளில் படம் முடிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. எட்கர் ஆலன் போ கதைகளை வைத்து வரிசையாகத் திகில் படங்கள் எடுத்துக் களைத்துப் போயிருந்த நேரம். செட்டுக்குள் புகை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது, வெளியே போய் நிஜமான வெயிலில் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. பணம் போட்டது அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், சுருக்கமாக ஏ.ஐ.பி. ஜேம்ஸ் நிக்கல்சன், சாமுவேல் ஆர்காஃப் என்ற இரண்டு பேர் நடத்திய கம்பெனி. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்களுக்கு வரும் இளவட்டங்கள்தான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள். பெரிய ஸ்டுடியோக்கள் அந்தக் கூட்டத்தைச் சட்டை செய்யவில்லை, இவர்கள் அதை நம்பியே பிழைத்தார்கள்.

ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் அப்போது பத்திரிகைகளுக்குத் தீனி. 1948-ல் சான் பெர்னார்டினோ பக்கம் தொடங்கிய சங்கம் அது. போர் முடிந்து வந்தவர்கள், ராணுவம் கழித்துவிட்ட ஹார்லி டேவிட்சன் வண்டிகள், நிலையான வேலையில் ஒட்டாத மனம் என்று அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள் கும்பல்களுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே பின்னணி. 1965-ல் கலிஃபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞர் தாமஸ் லிஞ்ச் இவர்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதுவரை மாநிலத்துக்குள் அடங்கியிருந்த பெயர் நாடு முழுக்கப் பரவியது. கோர்மன் வந்து கதவைத் தட்டியபோது கூட்டம் சேர்க்க வேறு விளம்பரமே தேவைப்படாத நிலை.

கோர்மனும் திரைக்கதை ஆசிரியர் சார்லஸ் கிரிஃபித்தும் நேரே அவர்களிடமே போனார்கள். பாரில் உட்கார்ந்து, பீர் வாங்கிக் கொடுத்து, அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டுக்கொண்டார்கள். படம் துண்டு துண்டான சம்பவங்களாக இருப்பதற்கு இதுதான் காரணம். ‘கதையே இல்லை’ என்று நீங்கள் சொன்னது தப்பில்லை. பல பேர் பல சமயம் பீடிகை இல்லாமல் சொன்ன நிகழ்ச்சிகளைக் கோத்திருக்கிறார்கள்.

நாயகனாக முதலில் போட்டது ஜார்ஜ் சாகிரிஸ். ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’க்காக ஆஸ்கர் வாங்கியவர். அவருக்கு பைக் ஓட்டத் தெரியாது, டூப் வேண்டும் என்றார். கோர்மனுக்கோ நடிகர்களே ஓட்ட வேண்டும், அப்போதுதான் முகத்தோடு சேர்த்து ரோட்டையும் காட்ட முடியும். அதனால் சாகிரிஸ் போனார். இரண்டாவது வேடத்துக்கு வைத்திருந்த பீட்டர் ஃபோண்டா முதல் இடத்துக்கு வந்தார். ஹென்றி ஃபோண்டாவின் மகன், அதுவரை பக்கத்து வீட்டு நல்ல பையன் மாதிரி வேடங்களில் வந்துகொண்டிருந்தவர். தன் பாத்திரத்தின் பெயரை ‘ஹெவன்லி ப்ளூஸ்’ என்று மாற்றச் சொன்னதும் அவர்தான். காலியான ‘லூசர்’ வேடம் புரூஸ் டெர்னுக்குப் போனது. லூசரின் மனைவி கேஷாக, டெர்னின் நிஜ மனைவி டயான் லாட். ப்ளூஸின் காதலி மைக்காக நான்சி சினாட்ரா. அதே 1966-ன் தொடக்கத்தில்தான் அவருடைய ‘பூட்ஸ்’ பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது, எனவே போஸ்டரில் அவர் பெயருக்கு நல்ல மதிப்பு.

மற்றவர்களில் பலர் நிஜமான ஏஞ்சல்ஸ். இவர்களுக்குக் கொடுத்த சம்பளக் கணக்கைக் கோர்மனே சொல்லியிருக்கிறார்: ஆளுக்கு ஒரு நாளைக்கு 35 டாலர், அவன் பைக்குக்கு 20 டாலர், அவன் கூட வரும் பெண்ணுக்கு 15 டாலர். பெண்ணைவிட பைக்குக்கு 5 டாலர் கூடுதல். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் அந்த உலகத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

ஷூட்டிங்கில் தொல்லைக்குக் குறைவில்லை. வந்தவர்களில் சிலர் மேல் வாரண்ட் இருந்ததால் போலீஸ் பின்னாலேயே சுற்றியது. சாப்பர் வண்டிகள் வேறு நினைத்த நேரத்தில் மக்கர் பண்ணின. முன் மட்கார்டைக் கழற்றி எறிந்து, ஹேண்டில்பாரைத் தோளுக்கு மேலே உயர்த்தி, சின்ன டேங்கை மாட்டி அவரவர் கைவேலையாகச் செய்த வண்டிகள் அவை. கேமரா தயாராகி, வெளிச்சம் சரியாகி, எல்லோரும் கிக் ஸ்டார்ட்டரை மிதிக்கும்போது பாதி வண்டி கிளம்பாது. வண்டியையே உயிராக நினைக்கிறவர்கள் அதைச் சரியாக வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று கோர்மன் பிற்காலத்தில் புலம்பியிருக்கிறார்.

இந்த இடத்தில் பீட்டர் போக்டனோவிச்சைச் சொல்லாமல் விட முடியாது. அப்போது சினிமாவைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டிருந்த இளைஞர். கோர்மன் அவரை உதவிக்குக் கூப்பிட்டார். லாண்டரித் துணி வாங்கி வரும் வேலையில் தொடங்கி, மூன்று வாரத்தில் காட்சிகளை இயக்கும் இடத்துக்கு வந்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். கிரிஃபித்தின் திரைக்கதையில் பெரும்பகுதியைத் திருத்தி எழுதியதும் அவர்தான், டைட்டிலில் பெயர் கிடையாது. ஒரு சண்டைக் காட்சியில் ஆள் குறைகிறது என்று கோர்மன் அவரையும் கூட்டத்துக்குள் தள்ளிவிட, ஏஞ்சல்ஸ் ஆட்கள் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தி அவரை நிஜமாகவே மொத்திவிட்டார்கள். அவர் மனைவி பாலி பிளாட் நான்சி சினாட்ராவுக்கு டூப்பாக பைக்கில் உட்கார்ந்தார். படத்தொகுப்பு மான்டி ஹெல்மன். இந்த உழைப்புக்கெல்லாம் கூலியாக போக்டனோவிச்சுக்குக் கிடைத்தது ‘டார்கெட்ஸ்’ என்ற முதல் படம். அதற்கப்புறம் ‘தி லாஸ்ட் பிக்சர் ஷோ’ எடுத்துப் பெரிய ஆளானார்.

இப்போது படத்துக்கு வருவோம்.

தொடக்கம் ஒரு சின்னப் பையனிடம். மூன்று சக்கர சைக்கிளில் வீட்டு வேலியைத் தாண்டி நடைபாதைக்கு ஓடி வருகிறான், அம்மா துரத்தி வந்து பிடிக்கிறாள், எதிரே ப்ளூஸின் பைக். வசனமே இல்லாமல் ப்ளூஸ் எதிலிருந்து தப்பி ஓடுகிறான் என்பதைச் சொல்லிவிடுகிறார் கோர்மன். கொஞ்சம் பச்சையான குறியீடுதான், ஆனாலும் வேலை செய்கிறது.

அப்புறம் எண்ணெய்க் கிணற்றில் ஒரு காட்சி. லூசர் அங்கே வேலை பார்க்கிறான். கழுத்தில் ஜெர்மானிய ராணுவப் பதக்கமான இரும்புச் சிலுவை. கூட வேலை செய்யும் வயதானவர் இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டவர். இதைப் போட்டிருந்தவர்களைத்தானே நாங்கள் கொன்றோம் என்று கொதிக்கிறார். கைகலப்பாகிறது, லூசருக்கு வேலை போகிறது. இரண்டே நிமிடம்தான். ஆனால் படம் இந்த இடத்தில் யார் பக்கமும் சாய்வதில்லை. அந்த மனிதரின் கோபம் நியாயமானது, லூசருக்கு அது புரியவே இல்லை. நாஜிச் சின்னத்தை அவன் ஏதோ கொள்கையோடு மாட்டியிருக்கிறான் என்று காட்டியிருந்தால் வில்லனாக்கிவிடலாம். பெரியவர்களுக்கு எரிச்சல் வரும் என்பதற்கு மேல் அவனுக்கு ஒரு யோசனையும் இல்லை. அதுதான் அதைவிட மோசம்.

திருட்டுப்போன லூசரின் பைக்கைத் தேடி கோச்செல்லா பள்ளத்தாக்கில் உள்ள மெக்கா என்ற ஊருக்கு எல்லோரும் போகிறார்கள். மெக்சிகன் கும்பலோடு அடிதடி. போலீஸ் வருகிறது. லூசர் போலீஸ் பைக் ஒன்றையே எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பறக்கிறான், முதுகில் குண்டு பாய்கிறது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைக் காப்பாற்றுகிறோம் என்று ராத்திரியில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இவர்களில் ஒருவன் அங்கே இருந்த கறுப்பின நர்ஸைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான், ப்ளூஸ் இழுத்துக்கொண்டு போகிறான். வைத்தியம் இல்லாமல் லூசர் சாகிறான். யோசித்துப் பாருங்கள்: போலீஸ் சுட்டதில் அவன் சாகவில்லை. நண்பர்களின் விசுவாசத்தில் செத்தான். படம் இதை யாரும் உரக்கச் சொல்ல விடுவதில்லை, ஆனால் ஃபோண்டாவின் முகத்தில் அதற்குப் பிறகு ஒரு வெறுமை ஏறிவிடுகிறது, கடைசி வரை இறங்குவதே இல்லை. அவருக்கு நடிக்கத் தெரியவில்லை என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பிறகு லூசரின் சொந்த ஊர்ச் சர்ச். சவப்பெட்டியின் மேல் நாஜிகளின் ஸ்வஸ்திகா கொடி. பாதிரியார் வழக்கமான இரங்கல் உரையைத் தொடங்குகிறார். ப்ளூஸ் குறுக்கே பேசுகிறான். அவர் பொறுமையாக, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்கிறார். அதற்கு வரும் பதில்தான் அந்த வசனம்: எங்களுக்குச் சுதந்திரம் வேண்டும், நினைத்ததைச் செய்ய வேண்டும், யாருடைய தொந்தரவும் இல்லாமல் வண்டி ஓட்ட வேண்டும். அத்தோடு போதை ஏற்றிக்கொள்ள வேண்டும், ஜாலியாக இருக்க வேண்டும். 1990-ல் ப்ரைமல் ஸ்க்ரீம் குழு ‘லோடட்’ பாட்டின் தொடக்கத்தில் இந்தக் குரலை அப்படியே எடுத்துப் போட்டது. அதற்கு முன்பே 1988-ல் மட்ஹனி குழுவும் எடுத்தாண்டது. படத்தைப் பார்க்காத லட்சக்கணக்கானவர்களுக்கு இந்த வசனம் தெரிந்தது அப்படித்தான். பாட்டில் கேட்டால் உற்சாகமாகத்தான் இருக்கிறது.

படத்தில் பாருங்கள். ஃபோண்டா அதைத் தடுமாறித் தடுமாறிப் பேசுகிறார். பெரிய கொள்கை ஏதோ வரப்போகிறது என்று நாமும் பாதிரியாரும் காத்திருக்க, கடைசியில் ‘பார்ட்டி’ என்ற இடத்தில் போய் நிற்கிறது. அவனிடம் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அது அவனுக்கே தெரிகிறது. அடுத்து நடப்பதுதான் அந்தச் சுதந்திரம்: பெஞ்சுகளை உடைக்கிறார்கள். பாதிரியாரை அடித்துப்போட்டுச் சவப்பெட்டிக்குள் திணிக்கிறார்கள். லூசரின் பிணத்தை வெளியே எடுத்து உட்கார வைத்து வாயில் கஞ்சா சிகரெட் சொருகுகிறார்கள். புருஷனைப் பறிகொடுத்து நிற்கும் கேஷுக்குப் போதை ஏற்றி இரண்டு பேர் பலாத்காரம் செய்கிறார்கள். ப்ளூஸ் அப்போது வேறொருத்தியோடு இருக்கிறான், மைக் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நர்ஸுக்குக் கிடைத்த அந்தச் சின்ன உதவிகூட நண்பனின் மனைவிக்குக் கிடைக்கவில்லை.

சுடுகாட்டில் ஊர்க்காரர்கள் கல்லெறிகிறார்கள், அடிதடி, சைரன் சத்தம். எல்லோரும் வண்டியைக் கிளப்புகிறார்கள். வா போகலாம் என்று மைக் கெஞ்சுகிறாள். போவதற்கு எங்கேயும் இடமில்லை என்று சொல்லிவிட்டு ப்ளூஸ் மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடத் தொடங்குகிறான். படம் முடிந்தது. இது சுதந்திரத்தைக் கொண்டாடும் படம் என்றால் இப்படி ஏன் முடிய வேண்டும்?

சரி, குறைகள். பலாத்காரக் காட்சியைக் கண்டிக்கிற பாவனையில் காட்டிக்கொண்டே அதை டிக்கெட் விற்கவும் பயன்படுத்துகிறது படம். ஏ.ஐ.பி. கம்பெனியின் வியாபாரம் அதுதான். டயான் லாட் மட்டும் அந்த வேடத்துக்கு ஒரு மனுஷியின் கனத்தைக் கொடுத்துவிடுகிறார். நான்சி சினாட்ராவுக்கு நின்று பார்ப்பதைத் தவிர வேலை குறைவு. நடுவில் ஆட்டமும் பாட்டும் கூத்துமாக வரும் பார்ட்டிகள் நீளம், நீங்கள் கொட்டாவி விட்டிருந்தால் அங்கேதான் விட்டிருப்பீர்கள்.

ஆனால் கேமரா வேலை மலிவாக இல்லை. அகலத்திரையில் ரிச்சர்ட் மூர் எடுத்திருக்கும் பாலைவனச் சாலைகளைப் பாருங்கள். செட் போடக் காசில்லாததால் எல்லாமே நிஜமான இடங்கள், வெளுத்துப்போன பகல் வெளிச்சம். இசையில் டேவி ஆலனின் கிட்டார், ஒலியை வேண்டுமென்றே கிழித்துவிடும் ‘ஃபஸ்’ கருவி வழியாக இன்ஜின் உறுமுகிற மாதிரி வரும். அந்த ‘ப்ளூஸஸ் தீம்’ 1967-ல் அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 37-ம் இடம் வரை ஏறியது. வசனமே இல்லாத வாத்திய இசைக்கு, அதுவும் இவ்வளவு கரடுமுரடானதற்கு, அது பெரிய விஷயம்.

படம் அமெரிக்காவின் மானத்தை வாங்கிவிடும் என்று அதிகாரிகள் முணுமுணுக்க, 1966 வெனிஸ் திரைப்பட விழா அதைத் தொடக்கப் படமாகவே போட்டது. நியூயார்க் டைம்ஸில் விமர்சகர் பாஸ்லி கிரவுதர் காய்ச்சி எடுத்தார். வசூல் போட்ட காசைப் போல் பல மடங்கு. பார்த்துக்கொண்டிருந்த ஏஞ்சல்ஸ் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். தாங்கள் மோட்டார் சைக்கிள் பற்றிய தொழில்நுட்ப அறிவைப் பரப்பும் சமூக அமைப்பு, படமோ தங்களைச் சட்டவிரோதக் கும்பலாகக் காட்டிவிட்டது என்பது வாதம். கோர்மனைக் கொன்றுவிடுவோம் என்றும் மிரட்டினார்கள். என்னைக் கொன்றுவிட்டால் நஷ்டஈட்டை யாரிடம் வாங்குவீர்கள், காசு வேண்டுமென்றால் வழக்கை நடத்துங்கள் என்று சங்கத் தலைவரிடம் போனில் சொன்னதாகக் கோர்மன் பல பேட்டிகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

காசு வந்ததும் அடுத்த நாலைந்து வருடத்துக்கு பைக் படங்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரி கிளம்பின. ஓநாய் மனிதனை பைக்கில் ஏற்றிய படம்கூட 1971-ல் வந்தது. ஆனால் முக்கியமான வாரிசு ஒன்றுதான். 1967-ல் டொரான்டோவில் வேறொரு கோர்மன் படத்தின் விளம்பரத்துக்காகப் போயிருந்த ஃபோண்டா, ஹோட்டல் அறையில் ரசிகர்களுக்கான புகைப்படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒன்று இந்தப் படத்தில் அவரும் டெர்னும் பைக்கோடு இருப்பது. அதைப் பார்த்துத்தான் இரண்டு பேர் நாட்டின் குறுக்கே பைக்கில் போகும் கதை தோன்றியது. ஏ.ஐ.பி.யிடம்தான் முதலில் பேச்சு. ஷூட்டிங் இழுத்தால் டென்னிஸ் ஹாப்பரை இயக்குநர் நாற்காலியிலிருந்து எடுத்துவிடும் உரிமை வேண்டும் என்று அவர்கள் அடம்பிடிக்க, படம் கொலம்பியா ஸ்டுடியோவுக்குப் போனது. 1969-ல் ‘ஈஸி ரைடர்’ அள்ளிய காசைப் பார்த்து ஆர்காஃப் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்கச் சுவையாகத்தான் இருக்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் என் கட்சி புரியும். ‘ஈஸி ரைடர்’ தன் நாயகர்களைக் கண்டவன் கையால் சுட வைத்துத் தியாகிகளாக்கிவிடுகிறது. நாமும் அவர்களுக்காக அழுதுவிட்டு எழுந்து வரலாம். கோர்மனின் படத்தில் அந்த ஆறுதல் கிடையாது, ப்ளூஸை யாரும் சுடுவதில்லை. அழகில் ‘ஈஸி ரைடர்’ மேல், நேர்மையில் இது என்பேன்.

இன்னும் பார்க்க ஆசை இருந்தால் 1967-ல் வந்த ‘ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆன் வீல்ஸ்’ படத்தைப் போடுங்கள். ஜாக் நிக்கல்சன் இன்னும் நட்சத்திரமாகாத காலம், பின்னால் ‘ஈஸி ரைடரை’ப் படம்பிடித்த லாஸ்லோ கோவாச்சின் கேமரா. கதை இதைவிடத் தளர்வு, சாலைக் காட்சிகள் இதைவிடப் பிரமாதம். அதே வருடத்து ‘டெவில்ஸ் ஏஞ்சல்ஸ்’ படத்தில் ஜான் கசவெட்டிஸ் இருக்கிறார், தன் சொந்தப் படங்களுக்குக் காசு சேர்க்க நடித்த வேடங்களில் ஒன்று. அவருக்காக ஒரு தடவை பார்க்கலாம், அவ்வளவுதான்.